அமெரிக்காவில் பூர்விகம் தேடுவோருக்கு

1860-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்கார் ஜனத்தொகைக் கணக்கெடுத்தபோது, தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் உழைத்துக்கொண்டிருந்த 39 லட்சத்து 53 ஆயிரத்துச் சொச்சம் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை ஒன்றை வகுத்து, அதில் எஜமானனுடைய பெயரை முழுமையாக எழுதி, அவனுக்கு உடைமையாயிருந்த மனிதர்களை வயது, பால், நிறம் முதலிய குறிப்புகளால் மட்டும் வரிசையாகக் குறித்துவைத்தார்கள். மிக அரிதாகத் தவிர எந்த வரியிலும் பெயர் இல்லை. அந்த மக்கள் விடுதலை பெற்றபின் எடுக்கப்பட்ட 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்கள் எல்லாரும் முதன்முதலாகப் பெயருள்ள பிரஜைகளாகத் தோன்றுகிறார்கள். ஆகையால் இன்று அந்நாட்டில் வாழும் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் பாட்டனையும் பூட்டனையும் தேடிக் காகிதங்களின் வழியே பின்னோக்கிச் செல்லும்போது, 1870 வரை ஓரளவு தடையின்றிச் சென்று, அங்கே திகைத்து நின்றுவிடுகிறது.

பெருமைக்காக வம்சாவளி வரைந்துகொள்வோர் எந்தத் தேசத்திலும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. சட்டத்தாலேயே பெயர் மறுக்கப்பட்டவர்களின் சந்ததியார், தங்கள் முன்னோர் இன்னார், இன்ன ஊரில் இன்ன நிலத்தை உழுதார், இன்னாரை மணந்தார் என்று நிரூபிக்க முயலும்போது, அந்த முயற்சி அவர்களுடைய நிலத்தையும் நிவாரணத் தொகையையும், சில சமயங்களில் ஒரு சர்வகலாசாலையின் கதவையும் தொட்டுவிடுகிறது. ஆதலால் எந்தத் தஸ்தாவேஜைக் கேட்டுப் பெறும் பாத்தியதை தங்களுக்கு உண்டு, எங்கே நஷ்டம் காத்திருக்கிறது, நஷ்டம் நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றை அவர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

உயிரோடிருக்கும் முதியவர்களிடமிருந்தே தொடங்கவேண்டும். பாட்டியின் நினைவிலுள்ள ஊர்ப்பெயர்கள், குடும்ப பைபிளின் முன்னேட்டில் எழுதிய பிறந்த தேதிகள், அடக்க ஆராதனைகளில் வழங்கப்பட்டு அலமாரியில் பத்திரப்படுத்திய அச்சுத் தாள்கள் ஆகியவை சர்க்கார் பதிவேடுகளில் கிடைக்காத உறவுகளைச் சொல்லிவிடும். அதன்பின் ஜனத்தொகைக் கணக்குக்கு வரலாம். அதிலுள்ள தனிமனித விவரங்கள் 72 ஆண்டுகள் இரகசியமாகக் காக்கப்பட்டுப் பின்னர் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது, அடுத்ததற்கு 2032 வரை காத்திருக்கவேண்டும். 1890-ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி, 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்திலும் அதை அணைத்த நீரிலும் கெட்டு, மிஞ்சியது பிற்பாடு அதிகாரிகளாலேயே அழிக்கப்பட்டுவிட்டபடியால், 1880-க்கும் 1900-க்கும் இடையே பிறந்து வளர்ந்து மணமாகிப் பிரிந்துபோன பிள்ளைகள் பலர் பெற்றோரின் வீட்டுக் கணக்கில் அகப்படுவதேயில்லை.

1870-க்கு அப்பால் செல்வதற்கு வழியே இல்லை என்று மனம் தளர்வோர் பலர். அது சரியன்று. விடுதலை பெற்றோரின் நலனுக்காக 1865-இல் நிறுவப்பட்டு 1872 வரை நடைபெற்ற ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் பதிவேடுகளில் கூலி ஒப்பந்தங்களும், திருமணப் பதிவுகளும், பழைய எஜமானர்மீது கொடுத்த புகார்களும் பெயர்களோடு நிறைந்திருக்கின்றன. அதே 1865-இல் தோன்றிய ஃப்ரீட்மன்ஸ் வங்கி, கணக்குத் தொடங்க வந்தவரிடம் தகப்பன், தாய், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருடைய பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டது. சில கிளைகளில் பழைய எஜமானனின் பெயரையும் கேட்டார்கள். 1874-இல் அவ்வங்கி முறிந்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஏழைகளின் சேமிப்பு நாசமானதை எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை. அந்த ஏழைகள் சொல்லி எழுதவைத்த குடும்ப விவரங்களாவது எஞ்சியிருக்கின்றன; அவற்றைத் தேடிப் படிக்காமல் விடுவது அவர்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதியாகும்.

இவற்றினும் செழிப்பானவை, உள்நாட்டுப் போரில் வடதிசைப் படையில் சேர்ந்து போரிட்ட ஏறத்தாழ 1,79,000 கறுப்பினச் சிப்பாய்களைச் சேர்ந்த ஓய்வூதியக் கோப்புகள். அடிமைகளின் விவாகத்தைச் சட்டம் அங்கீகரிக்கவில்லையாதலால், போரில் மாண்டவனின் விதவை ஓய்வூதியம் கேட்டு வந்தபோது, தான் அவனுடைய மனைவிதான் என்று மெய்ப்பிக்கச் சாட்சிகளைக் கொண்டுவர நேர்ந்தது. அச்சாட்சிகள், எந்தத் தோட்டத்தில், எந்தப் பெரியவர் முன்னிலையில் மணம் நடந்தது, பிரசவத்தின்போது யார் உடனிருந்தார், எந்தப் பிள்ளையை எந்த ஆண்டில் விற்றார்கள் என்றெல்லாம் பிரமாணமாகச் சொன்ன வாக்குமூலங்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. இவ்வழியில் எஜமானனின் பெயர் தெரிந்துவிட்டால், கவுண்டி நியாயஸ்தலங்களிலுள்ள அவனுடைய உயில், சொத்துப் பட்டியல், அடமானப் பத்திரம் ஆகியவற்றைப் புரட்டலாம். அங்கே, கோவேறு கழுதைகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவில், டாலர் மதிப்பு எழுதப்பட்டுத் தன் பூட்டியின் பெயர் இருப்பதைக் காணும் ஒருத்திக்கு நேரும் வேதனையை வார்த்தையால் விவரிக்க இயலாது; குடும்பத்தார் சிலர் உடன் அமர்ந்து பார்ப்பதே நல்லது.

அத்தகைய காகிதத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையின் வரலாறே சான்று. 1838-இல் மேரிலாந்திலிருந்த இயேசு சபையினர், கடனில் மூழ்கிய அக்கல்லூரியைக் காப்பதற்காகவும் வேறு செலவுகளுக்காகவும் 272 அடிமைகளை லூசியானாத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். விற்றவர்கள் பெயரும் வயதும் எழுதிய பட்டியல்களை வைத்திருந்தமையால், 2015-க்குப் பின்னர் ஆராய்ச்சியாளர் அவற்றைத் தேவாலயப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான வாரிசுகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. மாணவர் சேர்க்கையில் அவ்வாரிசுகளுக்கு முன்னுரிமை அளிப்பதாக 2016-இல் சர்வகலாசாலை அறிவித்தது, 2017-இல் பகிரங்கமாக மன்னிப்பும் கோரியது.

இனி உரிமைகளைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் இலாகா எதனிடமும் ஆவணம் கேட்க, 1966-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் யாருக்கும் இடமளிக்கிறது. இருபது வேலை நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்ய 90 நாட்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. அதன்பின் நியாயஸ்தலத்துக்கும் போகலாம். இறந்துபோன பாட்டனார் சமூகப் பாதுகாப்பு எண் கோரித் தம் கையால் எழுதிய விண்ணப்பத்தை இந்த வழியிலேயே கேட்டுப் பெறுகிறார்கள். அவருடைய தாயின் பிறந்தவீட்டுப் பெயர் அதில் இருக்கும். ஆனால் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் மத்திய சர்க்காரிடம் இல்லை. அவை மாநிலங்களின் வசம் உள்ளவை. ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு கால எல்லை வைத்திருக்கிறது. நியூயார்க் மாநிலம், எடுத்துக்காட்டாக, பிறப்புப் பதிவை 75 ஆண்டுகளும் இறப்புப் பதிவை 50 ஆண்டுகளும் கழிந்தபின் வம்சாவளி ஆராய்வோருக்குத் தருகிறது. தத்துக் கொடுக்கப்பட்டவர்களின் மூலப் பிறப்புச் சான்றிதழ் பல மாநிலங்களில் இன்னும் முத்திரையிட்டு மூடப்பட்டே இருக்கிறது. நியூயார்க் 2020 ஜனவரியில் அதைத் திறந்தது, கான்சாஸும் அலாஸ்காவும் வயதுவந்தவர்களுக்கு அதை என்றுமே மூடியதில்லை.

அதிகாரிகள் இல்லையென்று சொன்னவுடன் திரும்பிவிடக் கூடாது. 'ரிக்ளெய்ம் தி ரெக்கார்ட்ஸ்' என்ற லாபநோக்கற்ற சங்கம், நியூயார்க் நகரின் 1908 முதல் 1929 வரையிலான விவாக உரிமங்களின் பெயர்க்குறிப்பு அட்டவணையைக் கேட்டு, கிடைக்காதுபோகவே 2015-இல் வழக்குத் தொடுத்து, பெற்று, யாவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டது. இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். சர்க்கார் பதிவுகளின் பிரதிகளையே கட்டணத்துக்குக் காட்டும் கம்பெனிகள் உண்டு. சந்தா கட்டுமுன் தேசிய ஆவணக் காப்பகத்தையும், கட்டணமின்றி நடத்தப்படும் ஃபேமிலிசர்ச் என்ற நிலையத்தையும், ஊர்ப் பொது நூலகத்தையும் அணுகிப் பார்ப்பது விவேகம். அந்தக் கட்டணக் கம்பெனிகளின் தொகுப்புகளைக்கூடப் பல நூலகங்கள் தம்மிடம் வருவோருக்கு இலவசமாகத் திறந்துவைத்திருக்கின்றன.

காகிதம் முடிந்த இடத்தில் இக்காலத்தவர் மரபணுப் பரிசோதனைக்குச் செல்கிறார்கள். சிறு குழாயில் எச்சிலை நிரப்பி அனுப்பினால் தூரத்துப் பங்காளிகளின் பட்டியல் வந்துசேர்கிறது. விலைபோன பிள்ளைகளின் சந்ததியார் ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் சந்தித்திருக்கிறார்கள். இந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் எச்சிலை அனுப்புகிறவர் ஒருவர். அதனால் வெளிப்படுவது ஒரு குடும்பம். 2023-இல் ட்வென்டித்ரீ அண்ட் மீ என்ற கம்பெனியில், வேறிடங்களில் திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு கள்வர்கள் நேரடியாகப் புகுந்த கணக்குகள் ஏறத்தாழ 14,000 மட்டுமே. உறவினரைக் காட்டும் வசதியின் வழியாக அவர்களுக்கு வசப்பட்டதோ ஏறத்தாழ 69 லட்சம் பேருடைய விவரம். அக்கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது, ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரங்கள் விற்பனைக்குரிய சொத்தாகிவிட்டன. தங்கள் கணக்கை அழித்து மாதிரியையும் அழிக்கச் சொல்லும்படி கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் மக்களை எச்சரித்தார். பின்னர் நிறுவனரே அமைத்த லாபநோக்கற்ற ஸ்தாபனம் ஒன்று 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது.

போலீஸாரும் இதே வழியில் வருவார்கள். 1970-களிலும் 80-களிலும் கலிபோர்னியாவை நடுங்கவைத்த கொலைகாரன் 2018-இல் பிடிபட்டது, முன்பின் அறியாத அவனுடைய உறவினர்கள் பூர்விகம் தேடிப் பதிந்த மரபணுக்களால்தான். கொடியவன் அகப்பட்டது நன்மையே. அதற்காக வரம்பே வேண்டாமென்று ஆகாது. இத்தகைய தேடலுக்கு நீதிபதியின் அனுமதி வேண்டுமென 2021-இல் மேரிலாந்து சட்டம் செய்தது. மரபணுவைக் காரணமாக்கி வேலை மறுப்பதையும் மருத்துவக் காப்பீட்டில் பாரபட்சம் காட்டுவதையும் 2008-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறதெனினும், ஆயுள் காப்பீட்டுக்கும் உடல் ஊனக் காப்பீட்டுக்கும் அது பொருந்தாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஃபுளோரிடா மாநிலமோ 2020-இல் அவற்றையும் சேர்த்துத் தடைசெய்தது. ஆகவே எச்சிலை அனுப்புமுன் உடன்பிறந்தாரைக் கலந்துகொள்க, குழந்தைகளுடையதை அனுப்பற்க. ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்கும் கட்டத்தைப் படித்தபின்னரே குறியிடுக. பின்னால் சம்மதத்தை விலக்கிக்கொண்டாலும் ஏற்கெனவே ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டது திரும்பாது. வாக்குறுதி மீறப்பட்டால் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் மத்திய வர்த்தகக் கமிஷனிடமும் முறையிடலாம்.

பூர்விக ஆசையை மூலதனமாக்கிய மோசடிக்காரரும் புதியவர்களல்லர். ஆங்கிலேயக் கடலோடி ஃபிரான்சிஸ் டிரேக்கின் சொத்தில் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்லி ஆஸ்கர் ஹார்ட்ஸெல் என்பவன் பல்லாயிரம் அமெரிக்கர்களிடம் பணம் பறித்து 1933-இல் தண்டனை அடைந்தான். உரிமை கோரப்படாத பணம் உமக்கிருக்கிறது என்று கடிதம் வந்தால் பங்கு கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டா. மாநிலப் பொக்கிஷ இலாகாவில் தாமே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் நிலத்தில் நேர்கிறது. விடுதலைக்குப் பின் கஷ்டப்பட்டு நிலம் வாங்கிய கறுப்பின உழவர் பலர், நியாயஸ்தலங்களை நம்பாமலும் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாமலும் உயில் எழுதாது மறைந்தார்கள். அந்நிலம் பாகப்பிரிவினையின்றித் தலைமுறை தலைமுறையாக இறங்கி, இன்று ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் எத்தனையோ வாரிசுகளின் கூட்டுச் சொத்தாக நிற்கிறது. அவர்களில் எவரேனும் ஒருவருடைய மிகச் சிறிய பங்கை வெளியார் ஒருவர் வாங்கி, முழு நிலத்தையும் விற்றுப் பிரிக்கும்படி நியாயஸ்தலத்தில் கேட்டால், அங்கேயே பிறந்து உழுது வாழும் குடும்பம் அடிமாட்டு விலைக்கு ஏலத்தில் நிலத்தை இழந்து வெளியேற நேரும். இப்படி எத்தனையோ கடலோரப் பண்ணைகள் கைமாறிவிட்டன. 2005-இல் கத்ரீனா புயலால் வீடிழந்தவர் பலருக்கு, வீடு பாட்டனார் பெயரிலேயே இருந்தமையால், புனர்நிர்மாண உதவி கிடைக்கவில்லை. 2021-இல்தான் பேரிடர் நிவாரண இலாகா, வேறு பத்திரமில்லாதவரின் சுய உறுதிமொழியையும் ஏற்கச் சம்மதித்தது.

இதற்குப் பரிகாரமாக 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, ஒருவர் விற்பனை கோரினால் மற்ற வாரிசுகளுக்குத் தகுந்த அறிவிப்புத் தரவேண்டும். நிலத்துக்கு நடுநிலையான மதிப்பீடு செய்யவேண்டும். கேட்டவருடைய பங்கை அம்மதிப்பில் வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை குடும்பத்தாருக்கே. விற்றே தீரவேண்டுமாயின் திறந்த சந்தையில் விற்கவேண்டும். ஜார்ஜியா, டெக்ஸஸ் முதலிய மாநிலங்கள் இதை ஏற்றுள்ளன. தென் கரோலினா, 2015-இல் சார்லஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரால் அதை 2016-இல் நிறைவேற்றியது. அம்மாநிலத்தில் வாரிசுச் சொத்துப் பாதுகாப்பு மையம் ஒன்றும் இத்தகைய குடும்பங்களுக்குச் சட்ட உதவி செய்துவருகிறது. ஆனால் வாரிசு இன்னார் என்று காட்டினால்தான் இந்தச் சட்டம் துணைவரும். அப்போது பூட்டனுடைய 1870-ஆம் ஆண்டுக் கணக்கும், பாட்டியின் விவாகப் பதிவும், அடக்க ஆராதனைத் தாள்களும், அவற்றை வரிசைப்படுத்திய வம்சாவளியும், அதை அறிந்த முதியவர்களின் சத்தியப் பிரமாணமும் கவுண்டி அலுவலகத்தின் முன் வைக்கவேண்டிய சான்றுகளாகின்றன. ஆதலால் வம்சாவளியைத் தேடி முடித்தவர்கள் அதன் பிரதியை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பி, நிலவரியைக் கட்டிய ரசீதுகளை ஒரே இடத்தில் சேர்த்து, தம் பங்கைப் பற்றித் தாமே ஓர் உயிலும் எழுதிவைக்க வேண்டும்.