அப்பாவின் படத்தைச் சுருக்கியது யார்?

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுக்க வேண்டும் என்று அம்மா ஒரு மாதத்திற்கு முன்பே சொல்லிவிட்டார். எந்தப் படம் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. சித்தப்பா மகள் திருமணத்தில் நீல நிற பாத்தேக் சட்டையோடு அப்பா வாய்விட்டுச் சிரிக்கும் படம். தம்போயில் எங்கள் வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும் அந்தப் படம் இருந்தது. நானும் விளம்பரப் பிரிவுக்கு உடனே அனுப்பி வைத்தேன்.

அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"அக்கா, இந்தப் படம் ரொம்பச் சின்னதா இருக்கு. அச்சுல தெளிவா வராது. அசல் படம் இருக்குங்களா?"

எனக்குப் புரியவில்லை. என் கைப்பேசித் திரை முழுவதும் நிறைந்து நிற்கும் படம் எப்படிச் சின்னப் படமாகும்? விவரங்களைத் திறந்து பார்த்தேன். 320 × 427 என்றிருந்தது.

விசாரித்தபோதுதான் அந்தப் படத்தின் பயணம் தெரிந்தது. அது ஒரு குழுப் படம். யாரோ அப்பாவை மட்டும் வெட்டி எடுத்து, குடும்பப் புலனக் குழுவில் போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் அதைத் திரைப்பிடிப்பாக எடுத்து மீண்டும் பகிர்ந்திருக்கிறார். எங்களிடம் தங்கியது அந்தத் திரைப்பிடிப்புதான். படம் எடுத்த கைப்பேசி எப்போதோ பழுதாகிவிட்டது. குழுவில் வந்த முதல் படத்தை, "இடம் போதவில்லை" என்று கைப்பேசி எச்சரித்த ஒரு நாளில் நானே அழித்திருக்கிறேன்.

புள்ளிகளின் கணக்கு

கணினிப் படம் என்பது சின்னஞ்சிறு வண்ணப் புள்ளிகளின் வரிசை. 1957-இல் அமெரிக்க ஆய்வாளர் ரஸ்ஸல் கிர்ஷ், கணினிக்குள் முதன்முதலாக ஒரு புகைப்படத்தை ஏற்றினார். அது அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தையின் படம். அளவு 176 × 176, அதாவது 30,976 புள்ளிகள். இன்று நம் கைப்பேசிகள் ஒரே சொடுக்கில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளைப் பிடிக்கின்றன. எங்களிடம் எஞ்சியிருந்த அப்பாவின் படத்தில் 1,36,640 புள்ளிகள்தான்.

திரைக்கு அது போதும். அச்சுக்குப் போதாது. தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான கணக்கு. 2 அங்குல அகலமும் 2.5 அங்குல உயரமும் உள்ள படத்திற்கு 600 × 750 புள்ளிகள் வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஓர் அங்குலத்தை ஒட்டிய அகலத்திற்கே சரி.

படத்தைச் சிறிதாக்குவது எளிது; இருக்கும் புள்ளிகளில் சிலவற்றைச் சேர்த்து, சிலவற்றை விட்டுவிடலாம். பெரிதாக்கும்போது இல்லாத புள்ளிகளைக் கணினி ஊகித்து நிரப்ப வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. கண்ணோரச் சுருக்கங்கள் இல்லை. இடது கன்னத்து மச்சமும் காணவில்லை. அம்மா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பா இல்ல" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

சுருக்கும் கலையில் நம்மவர் பங்கு

நாம் அன்றாடம் பகிரும் ஜேபெக் படங்களின் அடிப்படைக் கணிதம் 1974-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. எழுதியவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, இந்த யோசனைக்கு 1972-இல் ஆய்வு நிதி கேட்டபோது கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. 1992-இல் ஜேபெக் தரநிலையாக வந்தபோது அதன் இதயமாக இருந்தது அந்தக் கணிதம்தான்.

இம்முறையில் படம் 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படும். நம் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய வேறுபாடுகள் கழிக்கப்படும். அதனால் கோப்பின் எடை பல மடங்கு குறையும். ஆனால் கழித்தது திரும்பி வராது. திருத்தித் திருத்திச் சேமிக்கும்போதும், ஒரு தளத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் ஏற்றும்போதும் படம் இன்னும் கொஞ்சம் தேயும்.

மூன்றும் வேறு வேறு

அளவு மாற்றுவது, வெட்டுவது, எடையைக் குறைப்பது ஆகிய மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலின் முன் பத்துப் பேர் வரிசையாக நின்று எடுத்த அகலப் படத்தை நெட்டுப் படமாக வெட்டினால், ஓரத்தில் நிற்கும் அத்தைகள் இருவரும் காணாமல் போவார்கள். வெட்டாமல் அழுத்திக் குறுக்கினால் எல்லாருடைய முகமும் நீண்டுவிடும். அளவு மாற்றும்போது நீள அகல விகிதம் மாறாமல் காக்கும் தேர்வை மறக்காமல் போடுங்கள். கணினியில் உள்ள 'பெயிண்ட்' செயலியிலேயே அந்த வசதி உண்டு.

எங்கே எந்த அளவு என்பதற்கு நான் குறித்து வைத்திருப்பவை இவை:

● இன்ஸ்டாகிராம்: அகலம் 1080 புள்ளிகள். நெட்டுப் படத்திற்கு 1080 × 1350.

● முகநூல் முகப்புப் படம்: கணினியில் 851 × 315, கைப்பேசியில் 640 × 360 ஆகத் தெரியும். இரண்டிலும் வெட்டுப்படாமல் இருக்க முகங்களை நடுவில் வையுங்கள்.

● யூடியூப் காணொளியின் முகப்புப் படம்: 1280 × 720.

● லிங்க்ட்இன்: வேலை தேடும் இளைஞர்கள் குறைந்தது 400 × 400 அளவில் சதுரப் படம் வைப்பது நல்லது.

● இந்திய மின்விசா: சதுர ஜேபெக் படம், 10 கேபி முதல் 1 எம்பி வரை. கடப்பிதழ் பக்கம் பிடிஎஃப் கோப்பாக, 300 கேபிக்குள். விண்ணப்பிக்கும் முன் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

● புலனம்: 2023 முதல் எச்டி தரத்தில் அனுப்பலாம். ஒரு புள்ளியும் குறையக்கூடாது என்றால் படத்தை 'ஆவணமாக' அனுப்புங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. அசல் படத்தில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து, அதைச் சுருக்குங்கள்.

பிஸ்கட் டின்னில் இருந்தவர்

எங்களுக்குக் கைகொடுத்தது அப்பாவின் பழைய பிஸ்கட் டின். பிறப்புப் பத்திரங்களுக்கும் வரி ரசீதுகளுக்கும் அடியில், கடப்பிதழுக்காக எடுத்த படம் ஒன்று ஒட்டாமல் மிச்சம் இருந்தது. 35 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.

அதை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் வருடி எடுத்தேன். 827 × 1181 புள்ளிகள் கிடைத்தன. திரையை நிறைத்த படத்தைவிட, கட்டைவிரல் அளவுக் காகிதத்தில் ஏழு மடங்கு அதிகம்.

அதில் அப்பா சிரிக்கவில்லை. பாத்தேக் சட்டையும் இல்லை. அம்மாவிடம் காட்டத் தயங்கினேன். அவர் திரையில் படத்தைப் பெரிதாக்கி, கன்னத்து மச்சம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். "இதையே போடு" என்றார்.

நினைவஞ்சலி தெளிவாக வந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் 320 × 427 அளவிலேயே இருக்கிறது. அதை நான் பெரிதாக்க முயல்வதில்லை.

சென்ற தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அண்ணன் மகன் அதைக் குடும்பக் குழுவில் போடப் போனான். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, ஆவணமா அனுப்புடா!"