பழைய சோதனைகளைக் கைவிடாதீர்கள்

2023 தீபாவளியை ஒட்டி, நவம்பர் 10 முதல் 13 வரை, யூகோ வங்கியில் சுமார் 41,000 பேரின் கணக்குகளில் அவர்களுக்குச் சேராத பணம் வந்து விழுந்தது. பிற வங்கிகளிலிருந்து ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை வழியாக வந்ததாகப் பதிவான அந்தத் தொகை மொத்தம் ரூ.820 கோடி. அனுப்பியவர் கணக்கில் பணம் கழியவில்லை, பெறுபவர் கணக்கில் மட்டும் ஏறிவிட்டது. சில நாட்களில் ரூ.649 கோடியை மீட்டுவிட்டதாக வங்கி அறிவித்தது. பரிவர்த்தனையின் முதல் விதியே இங்கே உடைந்தது. ஓரிடத்தில் கழிவதும் இன்னோரிடத்தில் ஏறுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் கணக்கில் போடும் வாரச் சம்பளமும், ஈரோட்டு மஞ்சள் மண்டியிலிருந்து விவசாயிக்குப் போகும் தொகையும் இந்த விதியை நம்பித்தான் கைமாறுகின்றன.

விதியை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மென்பொருள் வாராவாரம் மாறுகிறது. வட்டிக் கணக்கில் செய்யும் சின்னத் திருத்தம்கூட, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பணப் பரிமாற்றத்தைக் கெடுக்கக்கூடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழையவை எல்லாம் பழையபடி ஓடுகின்றனவா என்று பார்ப்பதுதான் ரெக்ரஷன் டெஸ்ட். பணம் கழிந்த நொடியில் சர்வர் நின்றால் என்ன ஆகும்? ஒரே கணக்கில் இரண்டு பேர் ஒரே கணத்தில் கை வைத்தால்? பதில் வரவில்லையென்று செயலி மறுபடி கோரிக்கை அனுப்பினால், பணம் இரண்டு முறை கழியுமா? எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாளில் இந்தப் பிழைகள் வெளியே வருவதே இல்லை. அதனால் சோதனையே வேண்டுமென்று இயந்திரத்தை நடுவழியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் கைபேசிகளுக்குள் இருக்கும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில், மூல நிரலைப் போல ஏறத்தாழ 590 மடங்கு சோதனை நிரல் இருக்கிறது. நடுவில் மின்சாரம் போவதையும் வட்டு பழுதாவதையும் செயற்கையாக உண்டாக்கி அதை உருவாக்குபவர்கள் சோதிக்கிறார்கள். ஒரு பிழை தெரிய வந்தால், அதைக் காட்டிக்கொடுக்கும் புதிய சோதனையைச் சேர்க்கும்வரை அது தீர்ந்ததாக அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. நம் நிறுவனங்கள் முதலில் பின்பற்ற வேண்டிய வழக்கம் இதுதான் என்பேன்.

இதற்கு வரும் மறுப்புகளும் நியாயமானவையே. டேட்டாபேஸே உத்தரவாதம் தரும்போது நாம் எதற்குச் சோதிக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த உத்தரவாதம் ஒரு டேட்டாபேஸின் எல்லைக்குள்தான் செல்லும். கரூரில் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து கோவையில் வேறொரு வங்கிக் கணக்குக்குப் போகும் பணம் குறைந்தது இரண்டு டேட்டாபேஸ்களைக் கடக்கிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் கணக்கை நேர்செய்வது நாம் எழுதிய நிரலின் பொறுப்பு. நேரமும் செலவும் கட்டுப்படியாகாது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் எல்லா நேரமும் ஓட்டத் தேவையில்லை. பணத்தைத் தொடும் சோதனைகளை ஒவ்வொரு மாற்றத்துக்கும், நீண்டவற்றை இரவிலும் ஓட்டலாம். சில சோதனைகள் ஒரு நாள் தேறி மறுநாள் தோற்கின்றன, அவற்றை நீக்கிவிடலாமே என்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தும்போது எழும் பிழை அப்படித்தான் அவ்வப்போது தலைகாட்டும். காரணம் தெரியும்வரை அந்தச் சோதனையைத் தொடக் கூடாது. யுபிஐயில் கழிந்த பணம் சேராமல் போனால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்தது. அந்த நூறு ரூபாய், வாடகை கட்ட முடியாமல் நின்ற குடும்பத்தின் சங்கடத்தை ஈடுசெய்யாது.

கோவையின் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் மென்பொருள் அலுவலகங்களை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியீட்டு நாள் நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது சோதனைக்கான நேரம்தான். அதை வெட்டாதீர்கள். பணம் சார்ந்த ஒரு சோதனை தோற்றாலும் வெளியீட்டை நிறுத்தும் அதிகாரத்தைச் சோதனையாளர்களுக்கே எழுத்தில் கொடுங்கள்.