தூசி படிந்த நுரையீரலும் தடுமாறும் நினைவும்

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கால்கொண்ட சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28-இல் முடிவுக்கு வந்தது. ஆயினும் பொன் பொதிந்த குவார்ட்ஸ் பாறையைத் துளையிடும்போது எழும் நுண்தூசி விளைவிக்கும் சிலிகோசிஸ் என்னும் நோய், தூசியைச் சுவாசிப்பது நின்ற பின்னரும் முற்றக்கூடியது என்பதால், அங்குள்ள குடியிருப்புகளின் முன்னாள் தொழிலாளர்க்குச் சுரங்கத்தோடு அந்த அபாயமும் மூடப்பட்டுவிடவில்லை.

1940-களில் இங்கு 7,653 தொழிலாளரைச் சோதித்த ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேரிடம் இந்நோயைக் கண்டது. மார்பை மட்டும் நோக்கும் இத்தகைய கணக்குகளில், நோய் மனத்துக்குச் செய்வது இடம்பெறுவதில்லை.

தூசியை விழுங்கிய நோயெதிர்ப்பு அணுக்கள் அதைச் செரிக்க இயலாது மடிய, அவ்விடத்தில் தழும்புத்திசு பெருகி நுரையீரல் இறுகுகிறது. நோய் முற்றும்போது இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே ஆன மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுவதால், இக்குறை முதலில் கவனத்தையும் புதியதை நினைவில் இருத்தும் திறனையும் திட்டமிடும் ஆற்றலையும் தாக்கலாம். நாள்பட்ட சுவாச அடைப்பு நோயாளிகளிடம் விரிவாக ஆராயப்பட்ட இவ்விளைவை, வீட்டார் பெரும்பாலும் முதுமை மறதி என்றே கொள்வர். மாத்திரை விழுங்கியாயிற்றா என்பதும், இன்ஹேலரை எந்த வரிசையில் இயக்குவது என்பதும் மறந்துபோவதால், மறதியே நோயை வளர்ப்பதும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தங்கினாலோ காலைத் தலைவலியும் பகல் தூக்கமும், மிகுந்தால் நினைவுக் குழப்பமும் தோன்றும்.

உணர்ச்சிகளின் நிலை இன்னும் சிக்கலானது. மூச்சுத்திணறல் அச்சத்தைத் தூண்ட, அச்சம் மூச்சை வேகப்படுத்த, வேக மூச்சு திணறலை மிகுவிக்கிறது. இதற்கு அஞ்சியே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்பவருக்குத் தசைகள் நலிந்து, சிறு வேலைக்கும் இளைப்பு வருகிறது. கோவில் திருவிழாவும் திருமண வீடும் எட்டாத் தொலைவாகின்றன. இப்படித் தொடங்கும் மனச்சோர்வு எரிச்சலாக வெளிப்படும்போது, அது சுபாவக் கோளாறாகவே பார்க்கப்படுகிறது.

தழும்பை நீக்கும் மருந்து இல்லை. எனினும் அமெரிக்காவில் 1980-இல் வெளியான ஆய்வொன்று, சுவாச அடைப்பு நோயில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்தவர்க்கு இரவில் மட்டும் அளிப்பதைவிடத் தொடர்ந்து ஆக்ஸிஜன் அளிப்பது ஆயுளை நீட்டுவதைக் காட்டியது. சிந்தனைத் திறனிலும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. மூச்சுப் பயிற்சியும் அளவான உடற்பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வு முறை, அச்சத்தையும் சோர்வையும் தணிக்கிறது. மாறாக, பதற்றத்துக்கெனக் கடையில் தாமாக வாங்கும் தூக்க மாத்திரை சுவாசத்தையே மந்தப்படுத்தக்கூடும். மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் ஆக்ஸிஜனைத் திறந்துவிடுவதும், கார்பன் டை ஆக்சைடு தேங்கும் நோயாளிக்கு ஆபத்தானதே.