46,700 ரூபாய்க்கு பிரேக் மாத்தினேன், காரோட விலை ஒரு ரூபாய் கூட ஏறலை

போன வீடியோவுல எங்க அப்பாவோட 1986 அம்பாசடரைப் பார்த்திருப்பீங்க. மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அதுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் போட்டேன்னு அதுல ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். எவ்வளவு ஆச்சு, சட்டப்படி சரியா, விக்கும்போது காசு திரும்ப வருமான்னு நிறைய பேர் கேட்டுட்டாங்க. வீடியோவுல சொல்லாத கணக்கை இங்க எழுதிடறேன்.

முதல்ல ஏன் மாத்தினேன். பாலக்கோட்டிலிருந்து சேலம் போகணும்னா அதியமான்கோட்டையில பெங்களூரு ரோட்டைப் பிடிச்சு தொப்பூர் கணவாய் இறங்கணும். அப்பாவோட மாதாந்திர செக்கப் சேலத்துல. அவருக்கு அம்பாசடர் சீட்டுதான் வசதி, என் காரில் ஏறி இறங்கினா முழங்கால் வலிக்குதுன்னு சொல்லுவார். ஒரு நாள் தொப்பூர்ல முன்னாடி போன லாரிக்காக நாலஞ்சு தடவை பிரேக் அடிச்சேன். ஆறாவது தடவை பெடல் கால்ல கல்லு மாதிரி இருக்கு, வண்டி மட்டும் நிக்கலை. அப்பாதான் "செகண்டைப் போடுறா"ன்னு கத்தினார். போட்டேன், வேகம் குறைஞ்சுது. கீழே ஓரமா நிறுத்தினப்போ முன் வீல்ல இருந்து லைனிங் கருகின வாசனை.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டேன். 60 கிலோமீட்டர் வேகத்துல போற காரை முழுசா நிறுத்தினா ஒரு அளவு சூடு பிரேக்ல இறங்கும். அதே கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, முழு வேலையையும் பிரேக்கே பார்த்தா, அதுபோல ஏழு மடங்கு சூடு. வண்டியோட எடை என்னவா இருந்தாலும் இந்த ஏழு மாறாது. டிரம் பிரேக்ல ஷூ உள்ளே மூடின இடத்துல உரசுது, சூடு சீக்கிரம் வெளியே போக வழியில்லை. லைனிங் அளவுக்கு மேல சூடானா பிடிப்பு விட்டுடும். டிஸ்க் காத்துல திறந்தே சுத்துது, அதனால சீக்கிரம் ஆறிடும். எந்த பிரேக்கா இருந்தாலும் இறக்கத்துல செகண்ட் கியர்தான் முதல் பிரேக், அது வேற விஷயம்.

பாலக்கோட்டு மெக்கானிக் அண்ணன் நேர்மையா ரெண்டு வழி சொன்னார். "சார், டிரம்மையே ஒழுங்கா செஞ்சுடலாம். நாலு வீலுக்கும் லைனிங், வீல் சிலிண்டர் கிட், ஹோஸ், ஆயில் எல்லாம் சேர்த்து 9,400. இல்ல, டிஸ்க்தான் வேணும்னா பூஸ்டரோட முழு செட்டா போடுங்க. பாதியில நிறுத்துறதா இருந்தா ஆரம்பிக்காதீங்க."

நான் என்ன பண்ணேன்? வேற ஊர்ல ஒரு பட்டறையில 5,500 ரூபாய் கூலிக்கு காலிப்பர் மட்டும் மாட்டித் தரேன்னாங்க, கொடுத்துட்டேன். பேரு வேண்டாம். பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுட்டாங்க. டிரம்முக்குன்னு செஞ்ச பல மாஸ்டர் சிலிண்டர்ல, பெடலை விட்ட பிறகும் பைப்புல கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்க ஒரு வால்வு இருக்கும். டிரம்முல ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கு, அதனால பிரச்சனை இல்ல. டிஸ்க்ல அந்த ஸ்பிரிங் கிடையாது, பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். பத்து கிலோமீட்டர்ல வீல் தொட முடியாத சூடு. மேல, டிரம்முல முன்ஷூ சுத்தற வேகத்திலேயே தன்னை இழுத்துக்கும், டிஸ்க்குக்கு அந்த உதவியும் இல்லை. பூஸ்டர் இல்லாம மிதிச்சா தொடை வலிதான் மிச்சம். அந்த 5,500 தண்டம். தலைப்புல இருக்கிற தொகையில அதைச் சேர்க்கலை, ஆடிட்டருக்கும் வெட்கம் உண்டு.

அப்புறம் அண்ணன்கிட்டயே திரும்பி வந்தேன். மாருதி காலிப்பரை வாங்கி, லேத்துல பிராக்கெட் அடிச்சு மாட்டலாமான்னு கேட்டேன், பேட் எந்தக் கடையிலயும் கிடைக்குமேன்னு. அவர் ஒத்துக்கலை. "ஸ்டப் ஆக்சில்ல வெல்டிங் வைக்கிறவன் கடைக்கு அந்தப் பக்கம் கூட போகாதீங்க சார். இதுக்கு சொந்தக்கார வண்டி சாமான் இருக்கும்போது அசலூரு சாமான் எதுக்கு?"

இது உலகம் முழுக்க பழைய கார்காரங்க கடைப்பிடிக்கிற வழிதான். இங்கிலாந்துல மோரிஸ் மைனர் வச்சிருக்கிறவங்க 1971-ல வந்த மோரிஸ் மரீனாவோட முன் டிஸ்க்கை எடுத்து மாட்டுவாங்க. மரீனாவோட முன் சஸ்பென்ஷன் மைனர் வழியில வந்தது, அதனால பொருந்துது. நம்ம அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 வம்சம். உத்தர்பாராவில 1957-ல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் ஏறக்குறைய அதே உடம்போட ஓடினதுல ஒரு லாபம்: பிற்கால 1800 இசுசு இன்ஜின் வண்டிகளோட முன் டிஸ்க் செட்டு நம்ம பழைய வண்டிக்குத் தம்பி மாதிரி. (அந்தப் பேரை மட்டும் 2017-ல பெஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு வித்தாங்க. வண்டியே இல்லாத பேருக்கு!)

கழிச்சுப் போட்ட ஒரு அம்பாசடர்ல இருந்து ஸ்டப் ஆக்சில், ஹப், காலிப்பர் சேர்ந்த செட் 18,000. பூஸ்டரும் ரெண்டு சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரும் 11,500. ஒரு பைப் வெடிச்சாலும் இன்னொரு பக்கம் பிரேக் பிடிக்கும்ங்கிறதுதான் ரெண்டு சர்க்யூட்டோட பலன். இதுல மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க. கூலி 7,000. டிஸ்க் கடைசல், பேட், சீல், பேரிங், ஹோஸ், பின் டிரம் வேலை, ஆயில், அலைன்மென்ட்னு 10,200. ஆக 46,700.

பழைய சாமான் வாங்கினாலும் பில் கேளுங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்ல. திருட்டு வண்டி சாமான் இல்லன்னு காட்ட உங்ககிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் அது. புது சாமானுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமா இறங்கிடுச்சு, பழைய ரேட்ல பில் போட்டா விடாதீங்க.

இப்போ தலைப்புக்கு வரேன். மாத்தறதுக்கு முன்னாடி வண்டியை ஒருத்தர் ரெண்டரை லட்சத்துக்குக் கேட்டார். மாத்தின பிறகும் அதே ரெண்டரை. இன்னொருத்தர், பழைய வண்டி சேகரிக்கிறவர், "ஒரிஜினல் போயிடுச்சே"ன்னு 20,000 குறைச்சே கேட்டார். அதனால கழட்டின டிரம், ஷூ, பழைய ஸ்டப் ஆக்சில் எல்லாத்தையும் கிரீஸ் தடவி சாக்குல கட்டிப் பரண்ல போட்டிருக்கேன். பட்டறையில "பழசை எடுத்துக்கவா சார்"ன்னு சாதாரணமா கேப்பாங்க. கொடுத்துடாதீங்க, அந்தச் சாக்குதான் உங்க 20,000.

டிரம்மையே சரி பண்ணியிருந்தா 9,400. வித்தியாசம் 37,300. பத்து வருஷம் ஓட்டினா வருஷத்துக்கு 3,730. இந்த வண்டிக்கு மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022-ல அறிவிச்ச கட்டணப்படி 3,416, ஜி.எஸ்.டி. சேர்த்து 4,031. அதைவிடக் கொஞ்சம் கம்மி. எனக்கு சேலம் போற வேலை இருக்கு, கட்டுப்படியாகுது. வண்டி ஊருக்குள்ள கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போகுதுன்னா 9,400-ஐயே செய்யுங்க, அதுக்கு மேல வேண்டாம்.

சட்டம் கொஞ்சம் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை இறுக்கமாவே சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5,000 அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டுமே. இன்ஜின் மாத்தினா ஆர்.சி.யே மாறும், அனுமதி இல்லாம கை வைக்காதீங்க. பிரேக் வகை ஆர்.சி.யில இல்ல, அதே கம்பெனி அதே மாடலுக்குக் கொடுத்த சாமான் வேற. என் வாதம் இதுதான், ஆனா இது வாதம் மட்டும்தான், உத்தரவு இல்ல. அதனால எழுத்துல போயிட்டேன்: இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில், பில் காப்பியோட. விபத்துக்கு அப்புறம் சர்வேயர் கண்டுபிடிக்கிறதும், முன்னாடியே நாம சொல்லிட்டதும் ஒண்ணு இல்ல.

வின்டேஜ் பதிவு பத்தியும் கேக்கறாங்க. 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகணும், நம்ம வண்டிக்கு 2036. அதுல போனா தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி சிலதுக்கு மட்டும்தான். சேலம் செக்கப் அந்தப் பட்டியல்ல இல்ல. சாதாரணப் பதிவுலயே இருக்கணும்னா செலவும் இருக்கு: 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, கணக்குல போட்டுக்கோங்க.

வரி? சொந்த உபயோகக் கார் மூலதனச் சொத்து கிடையாது. லாபத்துக்கு வித்தாலும் வரி இல்ல, 46,700-ஐ எங்கேயும் கழிக்கவும் முடியாது. ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டு சம்பாதிக்கலாம்னு யோசிச்சா, அந்த வருமானத்துக்கு வரி உண்டு, வெள்ளை போர்டு வண்டிக்கு பெர்மிட் கேள்வியும் வரும்.

இன்னும் ஒண்ணு பாக்கி. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரிக்குக் குறையாம தாங்கணும், ஈரம் ஏறினதுக்குத் தரம் 155 டிகிரிதான். அதுக்கு மேல கொதிச்சா பைப்புல ஆவி, பெடல் தரையோட. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஏர் எடுத்து ஆயில் மாத்தறதை, அட்வான்ஸ் டாக்ஸ் தேதி இருக்கிற அதே எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கேன். போன மாசம் தொப்பூர் இறங்கினோம், செகண்ட் கியர்ல. அப்பா வாயே திறக்கலை. சேலம் வந்ததும் இறங்கி, முன் வீல்கிட்ட குனிஞ்சு மோந்து பார்த்துட்டுத்தான் உள்ளே போனார்.