அமெரிக்க விளையாட்டும் பந்தயமும்: கணக்கு சொல்லும் உண்மை

ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதத்தில் நடைபெறும் 'சுப்பர் போல்' இறுதியாட்டம், அந்நாட்டு மக்கள் மிக அதிகமாகப் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகும். எந்த அணி வெல்லும் என்பதை அறியும் ஆவலே ஒரு காலத்தில் பார்வையாளர்களைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தியது. இன்றோ முதற்புள்ளியைப் பெறப்போகும் வீரர் யார், முதற்பாதியில் எத்தனை புள்ளிகள் பெறப்படும் என்பனவெல்லாம் பணம் கட்டும் விடயங்களாகிவிட்டன. ஆட்டத்தின் தொடக்கத்தில் சுண்டப்படும் நாணயம் பூவாக விழுமா, தலையாக விழுமா என்பதன் மீது கூடப் பந்தயம் கட்டப்படுகிறது.

தொலைதூர நாடொன்றின் பொழுதுபோக்கைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என வாசகர்கள் கேட்கலாம். அமெரிக்காவைத் தொடர்ந்து கனடாவும் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தனியாட்டப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கியது. 2022 ஏப்ரல் மாதத்தில் ஒன்ராறியோ மாகாணம் தனியார் பந்தய நிறுவனங்களுக்கு இணையச் சந்தையைத் திறந்துவிட்டது. அம்மாகாணத்தின் தலைநகரான ரொறன்ரோவில் எமது உறவினர்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அங்கு வளரும் எமது பிள்ளைகளும் இவ்விளம்பரங்களின் முன்னேதான் அமர்ந்திருக்கிறார்கள். 'புத்திசாலித்தனமாகப் பந்தயம் கட்டுவது எப்படி?' என்ற கேள்வி அவ்விளைஞர்கள் மத்தியில் எழுவது இயல்பு. அக்கேள்விக்குக் கணக்கின் துணைகொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1992ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சமஷ்டிச் சட்டமொன்று, விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி வழங்குவதைத் தடை செய்தது. நெவாடா, டெலவெயர், மொன்டானா, ஒரேகன் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு மாத்திரம் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அச்சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர், முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரரும் நியூ ஜேர்சி மாநில செனட்டருமான பில் பிராட்லி ஆவார். பின்னாளில் அதே நியூ ஜேர்சி மாநிலமே அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடியது என்பது குறிப்பிடத்தக்கது. 2018ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 35க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டன. முன்னர் லாஸ் வேகாஸ் நகருக்குப் பயணம் செய்து கட்ட வேண்டியிருந்த பந்தயத்தை, இன்று படுக்கையில் இருந்தவாறே கைத்தொலைபேசியில் கட்டிவிட முடிகிறது.

அமெரிக்க சூதாட்டச் சங்கத்தின் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டபூர்வமாகக் கட்டப்பட்ட விளையாட்டுப் பந்தயத் தொகை ஏறத்தாழ 15,000 கோடி டொலராகும். அதில் வென்றோருக்குக் கொடுத்தது போக நிறுவனங்களிடம் எஞ்சியது 1,300 கோடி டொலருக்கும் அதிகம். அதாவது கட்டப்பட்ட ஒவ்வொரு 100 டொலரிலும் ஏறத்தாழ 9 டொலர் திரும்பி வரவில்லை. இந்த 9 டொலர் எவ்வாறு பிறக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பந்தயத் தொழிலையே விளங்கிக்கொண்டவர்களாவோம்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திலும் கூடைப்பந்தாட்டத்திலும் பெரிதும் வழக்கிலுள்ள பந்தயம் புள்ளி இடைவெளியை அடிப்படையாகக் கொண்டது. பலமான அணியொன்று பலவீனமான அணியை எதிர்கொள்ளும்போது, யார் வெல்வார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுவர். ஆகவே பலமான அணி 7 புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வெல்லுமா, இல்லையா என்பதாகக் கேள்வி மாற்றப்படுகிறது. இவ்வாறு இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோரின் பணமும் தேர்ந்த கணிப்பாளர்களின் கணக்கும் சேர்ந்தே அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஆகவே பத்திரிகையில் வாசித்த செய்தியையோ, பிரதான வீரருக்கு ஏற்பட்ட காயத்தையோ அறிந்து வைத்திருப்பதால் மட்டும் ஒருவருக்கு மேலதிக அனுகூலம் கிடைப்பதில்லை. அத்தகவல் ஏற்கனவே அந்த எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

இரு பக்கமும் சமமென்றால் 100 டொலர் கட்டியவர் வென்றதும் 100 டொலர் இலாபம் பெற வேண்டுமல்லவா? அவ்வாறு கிடைப்பதில்லை. 100 டொலரை வெல்வதற்கு 110 டொலரைப் பணயம் வைக்க வேண்டும் என்பதே வழமையான நியதி. 1,000 தடவை இவ்வாறு பந்தயம் கட்டி, சரியாகப் பாதித் தடவை வென்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 500 வெற்றிகளால் அவருக்கு 50,000 டொலர் கிடைக்கும். 500 தோல்விகளால் 55,000 டொலர் போகும். ஒரு தவறும் செய்யாமல், அதிர்ஷ்டமும் கெடாமல், அவர் 5,000 டொலரை இழந்துவிட்டார். நட்டமின்றி இருப்பதற்கே 100க்கு 52.4 தடவை சரியாகக் கணிக்க வேண்டும். பாதிக்கும் 52.4க்கும் இடையிலான வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், முழுநேரத் தொழிலாக இதனைச் செய்வோரில் கூடப் பெரும்பாலானோர் அந்த எல்லையைத் தொடர்ச்சியாகக் கடக்க முடியாமல் திணறுகின்றனர்.

'நான் கடந்த பருவத்தில் வென்றேனே' என ஒருவர் கூறலாம். அமெரிக்க தேசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஒவ்வோர் அணியும் வழமையான பருவமொன்றில் 17 ஆட்டங்களை ஆடுகிறது. தமது அபிமான அணியின் ஒவ்வோர் ஆட்டத்தின் மீதும் 100 பேர், நாணயத்தைச் சுண்டிப் பார்த்துப் பந்தயம் கட்டுவதாகக் கொள்வோம். அவர்களில் ஏறத்தாழ 31 பேர் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் சரியாகக் கணித்திருப்பர். அவர்கள் கையில் இலாபமும் இருக்கும். தாம் வல்லுநர்கள் என்ற எண்ணமும் அவர்களிடம் வேரூன்றியிருக்கும். அடுத்த பருவத்தில் தொகையை இரட்டிப்பாக்குவோர் இவர்களே. 'நிச்சயத் தகவல்' எனக் கூறி இணையத்தில் கணிப்புகளைப் பணத்துக்கு விற்போரில் பலரும் இத்தகைய அதிர்ஷ்டசாலிகளே அன்றி வேறெவருமல்லர்.

புத்திசாலித்தனமாகப் பந்தயம் கட்டுவதற்குச் சூத்திரம் ஏதும் இல்லையா எனக் கேட்டால், உண்டு என்பதே பதில். பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஜோன் கெலி என்ற விஞ்ஞானி 1956ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். ஒருவர் தம் கையிருப்பில் எத்தனை பங்கைப் பணயம் வைக்கலாம் என்பதை அது கூறும். வெல்லும் வாய்ப்பு 100க்கு 55 என ஒருவர் உண்மையாகவே அறிந்திருந்தால், மேற்கூறிய 110க்கு 100 நியதியில் கையிருப்பின் 5.5 சதவீதத்தைக் கட்டலாம் என்கிறது சூத்திரம். 10,000 டொலர் வைத்திருப்பவருக்கு அது 550 டொலர். வாய்ப்பு 52.4ஆகக் குறைந்தால் கட்ட வேண்டிய தொகை பூச்சியமாகிறது. வாய்ப்பு 50 என்றால் விடை பூச்சியத்துக்கும் கீழே செல்கிறது. அதாவது, தமக்கென விசேட அனுகூலம் எதுவும் இல்லாத சாதாரண இரசிகருக்கு, பந்தயத்துக்கெனவே உருவான மிகச் சிறந்த சூத்திரம் வழங்கும் ஆலோசனை ஒன்றேயொன்றுதான்: ஒரு சதமேனும் கட்ட வேண்டாம்.

விசேட அனுகூலம் உள்ளவர்களின் நிலை என்ன? தொடர்ச்சியாக வெல்லும் வாடிக்கையாளரை இனங்கண்டதும், அவர் கட்டக்கூடிய தொகையை மிகச் சிறிய அளவுக்கு மட்டுப்படுத்துவதைப் பல நிறுவனங்கள் வழக்கமாகக் கொண்டுள்ளன. இந்நடைமுறை குறித்து 2024ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலச் சூதாட்ட ஆணைக்குழு விசாரித்து ஆராய்ந்தது. தோற்பவருக்குக் கதவு அகலத் திறந்திருக்க, வெல்பவருக்கு அது மூடப்படுகிறது.

இனி அந்த 9 டொலர் கணக்குக்கு வருவோம். 110க்கு 100 என்ற நியதியில் நிறுவனத்துக்கு எஞ்ச வேண்டியது 100க்கு ஏறத்தாழ நாலரை டொலர் மாத்திரமே. நடைமுறையில் அது இரட்டிப்பாவதற்குப் பிரதான காரணம் 'பார்லே' எனப்படும் தொடர்ப் பந்தயமாகும். பல கணிப்புகளை ஒன்றாகப் பிணைத்து, எல்லாமே சரியானால் பெருந்தொகை கிடைக்கும் என்பதே இதன் கவர்ச்சி. நான்கு சமவாய்ப்புக் கணிப்புகளைப் பிணைத்தால் நான்கும் பலிப்பதற்கு 16 தடவையில் ஒரு தடவையே வாய்ப்புண்டு. நியாயப்படி 1 டொலருக்கு 16 டொலர் கிடைக்க வேண்டிய இடத்தில், மேற்படி நியதியின்படி கிடைப்பது 13 டொலர் 28 சதம். நிறுவனத்தின் பங்கு 100க்கு 17 ஆகிவிட்டது. விளம்பரங்களில் தொடர்ப் பந்தயம் ஏன் இத்தனை ஆர்வத்துடன் முன்வைக்கப்படுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பணம் போவதுடன் பாதிப்பு முடிந்துவிடுவதில்லை; விளையாட்டின் நேர்மையும் போகிறது. 1919ஆம் ஆண்டு பேஸ்போல் உலகத் தொடரில் சூதாடிகளின் பணத்துக்காகத் தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிக்காகோ வைட் சொக்ஸ் அணியின் எட்டு வீரர்கள், ஜூரிமாரால் விடுவிக்கப்பட்ட போதிலும் 1921ஆம் ஆண்டில் ஆயுட்காலத் தடைக்கு உள்ளாகினர். 2007ஆம் ஆண்டில் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் மத்தியஸ்தர் டிம் டொனகி பந்தய மோசடி தொடர்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மறு ஆண்டில் சிறைத்தண்டனை பெற்றார்.

எமது உறவுகள் வாழும் ரொறன்ரோவின் அணியிலேயே மிக அண்மைய உதாரணம் ஒன்றுண்டு. ரொறன்ரோ ரப்டர்ஸ் அணியின் ஜொன்டே போர்ட்டர் என்ற இளம் வீரர் 2024 மார்ச் 20ஆம் திகதி, சுகவீனம் எனக் கூறி மூன்று நிமிடத்துக்குள் களத்தைவிட்டு வெளியேறினார். அவர் குறைவாகவே ஆடுவார் என்று, 11 இலட்சம் டொலர் வெல்லக்கூடிய 80,000 டொலர் தொடர்ப் பந்தயமொன்று முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தது. பந்தய நிறுவனம் சந்தேகித்துப் பணத்தை முடக்கியது. ஏப்ரலில் அவருக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. ஜூலையில் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடனில் சிக்கி, அதனைத் தீர்க்கும் வழியாகவே அவர் இதற்கு இணங்கினார் என்பதே இதிலுள்ள பெருந்துயரம்.

அணியின் வெற்றி தோல்வியை மாற்றப் பலரின் கூட்டு தேவை. தனியொரு வீரரின் தனியொரு செயல் மீதான பந்தயத்துக்கோ அந்த ஒரு வீரர் போதும். இதனை உணர்ந்தே அமெரிக்க பேஸ்போல் நிர்வாகம் 2025 நவம்பரில் பந்தய நிறுவனங்களின் இணக்கத்துடன், தனியொரு பந்துவீச்சின் மீதான பந்தயத்துக்கு 200 டொலர் உச்ச வரம்பை விதித்ததுடன் அதனைத் தொடர்ப் பந்தயத்தில் சேர்ப்பதையும் தடுத்தது.

குடும்பங்களின் நிலை இதனினும் கவலைக்குரியது. இணையப் பந்தயம் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் வங்குரோத்து அதிகரித்ததையும் குடும்பங்களின் சேமிப்பு முதலீடு குறைந்ததையும் 2024ஆம் ஆண்டில் வெளியான பொருளியல் ஆய்வுகள் சுட்டிக்காட்டின. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடற்ற சூதாட்டத்தை உளநோயாக ஏற்றுக்கொண்டது. 2013ஆம் ஆண்டில் அதனைப் போதைக்கு அடிமையாதலுடன் ஒரே வகுப்பில் சேர்த்தது. புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் ஷொஹே ஒஹ்டானியின் மொழிபெயர்ப்பாளர், சட்டவிரோதப் பந்தயக் கடனைத் தீர்ப்பதற்காக அவரது கணக்கிலிருந்து ஏறத்தாழ 170 இலட்சம் டொலரைத் திருடி, 2025ஆம் ஆண்டில் 57 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இழந்ததை மீட்க மேலும் கட்டுவதும், அதற்காகப் பொய் சொல்வதும், பின்னர் பிறர் பணத்தில் கை வைப்பதும் இந்நோயின் வழமையான படிகளாகும்.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழ்ந்து, அறிந்தே பந்தயம் கட்டுவோருக்கும் கணக்கு சில எல்லைகளைக் காட்டுகிறது. அதனை வருமான வழியாக எண்ணாமல், திரைப்படத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குவது போன்ற செலவாகக் கொள்ள வேண்டும். இழந்தால் வீட்டில் எவரும் பாதிக்கப்படாத தொகையை முன்னரே நிர்ணயித்து அத்துடன் நிறுத்த வேண்டும். தொடர்ப் பந்தயத்தையும், ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் உணர்ச்சி வேகத்தில் கட்டும் பந்தயத்தையும் தவிர்க்க வேண்டும். கடன் வாங்கியோ, கடனட்டையைப் பயன்படுத்தியோ கட்டவே கூடாது. இழந்ததை அன்றே மீட்க முனைவது இழப்பைப் பெருக்கும் வழி. தம்மைத் தாமே தடைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வசதி அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்டு. கட்டுப்பாடு தளர்வதை உணர்பவர் வெட்கப்படாமல் அதனை நாட வேண்டும். பிள்ளை பணத் தேவையைக் காரணமின்றி அடிக்கடி கூறினால், தொலைபேசியை மறைத்தால், ஆட்டத்தின் முடிவுக்கேற்ப மனநிலை மாறினால், பெற்றோர் கோபத்தைத் தவிர்த்துப் பரிவுடன் விசாரிப்பது நலம்.

எமது சமூகங்களுக்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று. இஸ்லாம் சூதாட்டத்தை மதுவுடன் சேர்த்தே விலக்கியிருக்கிறது. திருவள்ளுவர் சூதுக்கெனத் தனியோர் அதிகாரத்தை ஒதுக்கி, தோல்வியைப் பற்றிப் பேசும் முன்னரே வெற்றியைப் பற்றி எச்சரித்தார். இலங்கையும் 2019ஆம் ஆண்டில் விளையாட்டு தொடர்பான குற்றங்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, ஆட்ட நிர்ணயத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அறம் விலக்கியதையே கணக்கும் விலக்குகிறது. அமெரிக்க விளையாட்டுகள் விறுவிறுப்பானவை, பார்த்து மகிழத்தக்கவை. அம்மகிழ்ச்சிக்குப் பந்தயச் சீட்டு தேவையில்லை. கடல் கடந்து வாழும் மகனோ, மருமகனோ அடுத்த தடவை தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது, 110க்கு 100 என்ற அந்தச் சிறு கணக்கை நாம் அவர்களுக்குச் சொல்லிவைப்போம்.