பச்சோந்தி கலர், பூப்போட்ட பாடி, 'லிமிடெட் எடிஷன்' முத்திரை: கிட்டார் பிரியர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

ஒரு பெரிய கிட்டார் கம்பெனி புது மாடலை வெளியிடுகிறது. மரம் பழைய மரம்தான். நெக், பிக்கப், கம்பி எல்லாமே போன வருஷம் வந்ததுதான். மாறியிருப்பது மேலே அடித்த பெயிண்ட் மட்டும். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஊதா, லேசாகத் திருப்பினால் பச்சை. கூடவே 'லிமிடெட் எடிஷன்' என்ற இரண்டு வார்த்தைகள். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

அவ்வளவுதான், எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களிடையே சண்டை ஆரம்பம். "என்னப்பா இது, ஜிகினா பேப்பர் சுத்தின மாதிரி இருக்கு" என்பார் ஒருவர். "நேர்ல பாருங்க, அப்புறம் பேசுங்க" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் சத்தமே இல்லாமல் ஆர்டர் போட்டிருப்பார்.

இது இன்று நேற்று வந்த சண்டை இல்லை. 1950-களிலிருந்தே நடக்கிறது. இதில் சிரித்தவர்கள் பல தடவை தோற்றுப்போயிருக்கிறார்கள். ஆனால் எல்லாத் தடவையும் இல்லை. அதுதான் விஷயமே.

பெயிண்ட் மாறினால் சத்தம் மாறுமா?

முதலில் இதைப் பேசிவிடலாம். சாலிட் பாடி எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைப் பிடிப்பது பிக்கப் எனப்படும் காந்தமும் கம்பிச் சுருளும். அது கவனிப்பது உலோகக் கம்பியின் அதிர்வை. மேலே அடித்த சிவப்பையோ நீலத்தையோ அல்ல.

பெயிண்ட் மெல்லியதாக இருந்தால் மரம் 'மூச்சு விடும்', சத்தம் நன்றாக வரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கிட்டார் செய்யும் பெரிய கைகளிலேயே அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிக்கப்பை மாற்றினாலோ, ஆம்ப்பில் ஒரு குமிழைத் திருகினாலோ வரும் வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே கலருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கண்ணுக்குத்தான், காதுக்கு அல்ல. காதை வைத்துத்தான் கிட்டார் வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

கார் பெயிண்ட், டிரம் ஷீட், சுவர் பேப்பர்

இன்று 'கிளாசிக்' என்று கொண்டாடப்படும் பல கலர்கள் கிட்டாருக்காகப் பிறந்தவையே அல்ல. ஃபெண்டர் கம்பெனி டூபான்ட் நிறுவனத்தின் கார் பெயிண்ட்டை வாங்கி கிட்டாரில் அடித்தது. 'ஃபியஸ்டா ரெட்' ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் நிறம். 'லேக் ப்ளாசிட் ப்ளூ' கேடிலாக்கிலிருந்து வந்தது. வழக்கமான சன்பர்ஸ்ட் வேண்டாம், இந்தக் கலர்தான் வேண்டும் என்றால் விலைக்கு மேல் 5 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஏற்கெனவே சன்பர்ஸ்ட் அடித்து வைத்திருந்த பாடி மீதே கேட்ட கலரை அடித்து அனுப்பியதும் உண்டு. அந்தக் காலத்து கிட்டார்களில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு கலர் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

1959-ல் பிரிட்டன் பாடகர் க்ளிஃப் ரிச்சர்ட், தன் குழுவின் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வரவழைத்தார். அந்தச் சிவப்பைப் பார்த்த ஒரு தலைமுறையே அதே கலர் கேட்டு அலைந்தது. கார் கலர் கிட்டார் கலராக மாறியது இப்படித்தான்.

கிரெட்ச் கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் டிரம்மும் செய்தார்கள். டிரம் மேல் ஒட்டும் மினுமினுப்பு ஷீட் கையில் இருந்தது. 1950-களில் அதையே எடுத்து கிட்டார் மேல் ஒட்டி 'சில்வர் ஜெட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது 1968-ல் ஃபெண்டர் செய்த வேலை. ஹிப்பி காலம். பூவும் கொடியுமாக எதைப் பார்த்தாலும் கலர். சும்மா இருக்குமா கம்பெனி? சுவரில், அலமாரியில் ஒட்டும் பசைப் பேப்பரை வாங்கியது. மாங்காய் டிசைன் போட்ட பிங்க் பேப்பரை டெலிகாஸ்டர் கிட்டார் மேல் ஒட்டி, ஓரம் தெரியாமலிருக்க சுற்றி பெயிண்ட் அடித்து, மேலே கெட்டியான கண்ணாடிப் பூச்சு கொடுத்தது. 'பிங்க் பெய்ஸ்லி டெலிகாஸ்டர்' பிறந்தது. நம் பட்டுப்புடவை மாங்காய் பார்டரை கிட்டார் முழுக்க விரித்தால் எப்படியிருக்கும்? அதேதான்.

விற்றதா என்றால், இல்லை. சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். மேல்பூச்சும் நாளடைவில் விரிசல் விட்டது. ஆனால் ஒரு கிட்டார் மட்டும் ஜேம்ஸ் பர்ட்டனிடம் போய்ச் சேர்ந்தது. எல்விஸ் ப்ரெஸ்லியின் மேடைக் குழுவில் முதன்மை கிட்டார் வாசித்தவர். ரொம்பப் பளிச்சென்று இருக்கிறதே என்று அவரே முதலில் தயங்கினார். பிறகு எல்விஸ் மேடையில் அந்த பிங்க் கிட்டார்தான் அவருடைய அடையாளமானது. இன்று அசல் 1960-கள் பெய்ஸ்லி கிட்டார் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். அதே டிசைனில் ஃபெண்டர் பிறகு மறுபதிப்புகளும் போட்டது.

யாரும் வாங்காததால் விலை ஏறிய கிட்டார்

கிப்ஸன் 1952-ல் கொண்டுவந்த லெஸ் பால் கிட்டார் தங்கக் கலரில் இருந்தது. பெயிண்ட்டில் வெண்கலப் பொடி கலந்திருந்தார்கள். அதனால் கை உரசி வியர்வை பட்ட இடமெல்லாம் வருஷங்கள் போகப்போக பச்சையாக மாறியது, வீட்டில் பித்தளைக் குடம் களிம்பு பிடிப்பதுபோல.

விற்பனை மந்தமானதும் 1958-ல் கலரை மாற்றினார்கள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. மேப்பிள் மரத்தின் வரிகள் உள்ளிருந்து தெரியும் சன்பர்ஸ்ட். அதுவும் எடுபடவில்லை. 1960-ல் நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் கிட்டாரின் வடிவத்தையே மாற்றினார்கள். மூன்று வருஷத்தில் செய்தது மொத்தம் 2,000-க்கும் குறைவு.

அந்தத் தோல்விதான் பின்னால் புதையலானது. எரிக் க்ளாப்டன், பீட்டர் கிரீன், ஜிம்மி பேஜ் போன்றவர்கள் அதே கிட்டாரை எடுத்து வாசித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று ஒரு அசல் 'பர்ஸ்ட்' லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. இதில் இன்னொரு கூத்து: அன்று பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் ரகம். ஒவ்வொரு கிட்டாரும் ஒவ்வொரு விதமாக வெளுத்தது. அந்த வெளுத்த கலருக்கெல்லாம் இப்போது தனித்தனிப் பெயர் வைத்து, அதேபோல் புதுசாகவே அடித்து விற்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பெய்ஸ்லி டெலிகாஸ்டரும் சன்பர்ஸ்ட் லெஸ் பாலும் அரிதானது, யாரும் வாங்காததால். இன்றைய 'லிமிடெட் எடிஷன்' அரிதாவது, கம்பெனி அப்படி அறிவிப்பதால். இரண்டும் ஒன்றல்ல. பின்னதை வாங்குகிறவர்கள் பலரும் முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தினால் அது எப்படி அரிதாகும்?

130 டாலர் கிட்டாருக்கு 25,000 டாலர் நகல்

எடி வான் ஹேலனின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' கிட்டாரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 50 டாலருக்கு ஒரு கழித்துப்போட்ட பாடி, 80 டாலருக்கு ஒரு நெக். அவரே பூட்டினார். மேலே டேப் ஒட்டி, சைக்கிள் பெயிண்ட் அடித்து, டேப்பைப் பிய்த்தார். கோடுகோடாக ஒரு டிசைன் வந்தது. அதன் மேல் மறுபடி டேப், மறுபடி பெயிண்ட். கடைசியில் சிவப்பு, வெள்ளை, கருப்பு.

2007-ல் ஃபெண்டர் அதை அச்சு அசலாக நகலெடுத்து 300 கிட்டார் மட்டும் விற்றது. கீறல், சூட்டுத் தழும்பு உட்பட எல்லாம் அப்படியே. ஒன்றின் விலை 25,000 டாலர். அவர் காசில்லாத காலத்தில் கேரேஜ் வேலையாகச் செய்ததை, காசிருப்பவர்கள் மட்டுமே வாங்கும்படி ஆனது.

ஜார்ஜ் ஹாரிசன் 1967-ல் தன் வெளிர்நீல ஸ்ட்ராட்டோகாஸ்டர் மீது பளீர் பெயிண்ட்டும், மனைவி பேட்டி பாய்டின் நெயில் பாலிஷும் பூசினார். இன்று அதே காலத்து வெளிர்நீல ஸ்ட்ராட் வைத்திருக்கும் ஒருவர் அப்படிப் பூசினால் கிட்டார் பிரியர்கள் அடிக்கவே வந்துவிடுவார்கள். ஹாரிசன் பூசியதால் அதற்கும் நகல் வந்தது.

அப்போ ஏன் திட்டுகிறார்கள்?

திட்டுவது பெரும்பாலும் கலரை அல்ல, வாங்குகிறவரை. அலை அலையாக மின்னும் மேப்பிள் மரத்தில், கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட விலை உயர்ந்த கிட்டார்களுக்கு அமெரிக்காவில் 'பல் டாக்டர் கிட்டார்' என்றே கேலிப்பெயர். வசதியான ஆள் வாங்கி, சுவரில் மாட்டி, வார இறுதியில் இரண்டு கார்டு வாசிப்பார் என்பது கிண்டல். மேடையில் வியர்வை சிந்துகிறவனுக்கு இது எட்டாது என்ற ஆதங்கமும் அதில் உண்டு. ஆனால் பல் டாக்டர் நல்லா வாசிக்கக்கூடாது என்று யார் சொன்னது?

எதிர்ப்பக்கமும் அதே அளவு பளபளப்புதான், வேறு விதத்தில். 1990-களின் நடுவில் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 'ரெலிக்' கிட்டார்களைக் கொண்டுவந்தது. புது கிட்டாரை எடுத்து, பெயிண்ட்டைச் சுரண்டி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்து, 40 வருஷம் உழைத்த மாதிரி காட்டுவது. புதுசை விட அதற்கு விலை அதிகம். மினுமினுப்பைப் பார்த்து 'ஷோ' என்று சிரிக்கிற பலர் இதை மட்டும் ஆசையாக வாங்குகிறார்கள். கிழித்து விற்கும் ஜீன்ஸை நாமும் வாங்கியவர்கள்தானே!

நிஜமாகவே உழைப்பு உள்ள பளபளப்பும் இருக்கிறது. ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் 1990-ல் கொண்டுவந்த 'யுனிவர்ஸ்' கிட்டாரின் சுழல் டிசைன் தண்ணீரில் பிறந்தது. தொட்டித் தண்ணீரில் எண்ணெய் பெயிண்ட்களை மிதக்கவிட்டு, கலக்கி, பாடியை அதில் முக்கி எடுப்பார்கள். ஒன்று போல் இன்னொன்று வரவே வராது. பச்சோந்தி கலரும் சாதாரண பெயிண்ட் அல்ல. பல அடுக்குகள் கொண்ட மெல்லிய செதில்கள் அதில் இருக்கும். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப வெளிச்சம் வேறு வேறு நிறமாகத் திரும்பும். சோப்பு நுரையில் வானவில் தெரிவதும் இதே தத்துவம்தான்.

சிரித்தவர்கள் ஜெயித்த கதை

2010 இறுதியில் கிப்ஸன் 'ஃபயர்பேர்ட் எக்ஸ்' மாடலை அறிவித்தது. சிவப்பிலும் நீலத்திலும் சுழற்றி அடித்த பெயிண்ட், தானாகச் சுருதி சேர்க்கும் மோட்டார், உள்ளேயே எஃபெக்ட்ஸ். 1,800 மட்டும் என்று அறிவிப்பு. விலை 5,570 டாலர். கிட்டார் உலகம் விழுந்து விழுந்து சிரித்தது.

2018-ல் கிப்ஸன் திவால் பாதுகாப்பு கோரியது. அதற்கு இந்த ஒரு கிட்டார் காரணமில்லை, கடன் பெரியது. ஆனால் 2019-ல் ஒரு வீடியோ வெளியானது. தரையில் வரிசையாக அடுக்கிய நூற்றுக்கணக்கான ஃபயர்பேர்ட் எக்ஸ் மீது ஒரு கனரக வண்டி ஏறி நொறுக்கிக்கொண்டே போகிறது. பாதுகாப்பில்லாத பாகங்கள் கொண்டவை, சரிசெய்ய முடியாதவை என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. அதுவரை அந்த கிட்டாரைக் கேலி செய்தவர்களே, "பிள்ளைங்களுக்காவது கொடுத்திருக்கலாமே" என்று பதறினார்கள்.

வாங்க ஆசையா? இதையெல்லாம் பாருங்க

'லிமிடெட்' என்று போட்டிருந்தால் எத்தனை என்று கேளுங்கள். எண்ணிக்கையே சொல்லாமல், இந்த வருஷம் மட்டும் என்ற அர்த்தத்திலும் அந்த வார்த்தையைப் போடுகிறார்கள். 1987-ல் ஐபனெஸ் ஜெம் வரிசையில் பச்சை கிட்டார் 777 மட்டும் என்று நம்பர் போட்டு விற்றது. அது ஒரு கணக்கு.

கேண்டி ஆப்பிள் ரெட் போன்ற கலர்களில் அடியில் வெள்ளி அல்லது தங்கப் பூச்சு, அதன் மேல் ஊடுருவித் தெரியும் சிவப்பு, அதற்கும் மேல் கண்ணாடிப் பூச்சு. ஒரு இடத்தில் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டு ஒட்டுவது மகா கஷ்டம். பச்சோந்தி கலரும் அப்படியே.

அழகாக இல்லை என்று பழைய கிட்டாரை மறுபடி பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். பழைய கிட்டார் சந்தையில் அசல் பெயிண்ட் போனால் விலை பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு.

மேல்பூச்சு எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலும் வருவது பாலியஸ்டர் அல்லது பாலியூரிதேன், அது தாங்கும். விலை அதிகமான பலவற்றில் நைட்ரோ லேக்கர் இருக்கும். நாளாக ஆக மஞ்சளாகும், குளிரில் வெடிப்பு விடும். மலிவான ஸ்டாண்டில் இருக்கும் ரப்பரும் ஃபோமும் பட்டால் நைட்ரோ இளகி, ஒட்டிக்கொண்டு, தழும்பாகிவிடும். பல லட்சம் கொடுத்த கலரை சில நூறு ரூபாய் ஸ்டாண்ட் தின்றுவிடும். ஸ்டாண்ட் மேல் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றி வையுங்கள், போதும்.