பிறர் போட்ட கணக்கும் நம் பொறுப்பும்

நம் சங்கக் குடும்பங்களில் இன்று கணினி படிக்காத பிள்ளைகளைக் காண்பது அரிது. பரீட்சைக் காலத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரும் மாணவர்களில் பலர் சி மொழியிலோ பைத்தானிலோ நிரல் எழுதுபவர்கள்தாம். "சைன், கொசைன் மதிப்பை உன் நிரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டால், "அது லைப்ரரியில் இருக்கிறது தாத்தா, கூப்பிட்டால் வந்துவிடும்" என்கிறார்கள். பதில் சரிதான். ஆனால் கூப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. அதைப் பெற்றோரும் ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது என்றே இதை எழுதுகிறேன்.

ஒருவர் ஒருமுறை போட்டு வைத்த கணக்கைப் பலரும் எடுத்துப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்களை வரருசி இயற்றியதாக மரபு. எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த வாக்கியங்கள் அவை. பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராம மாதவர் அவற்றை மேலும் நுட்பமாக்கினார். கால்வட்டத்தை 24 பங்காக்கி ஒவ்வொன்றுக்கும் சைன் மதிப்பையும் அவர் தந்தார். நம் வீடுகளுக்கு வரும் பாம்புப் பஞ்சாங்கம் இந்த வாக்கிய வழியில் வந்ததே.

ஜான் வாரன் என்பவரின் 'காலசங்கலித' என்ற நூல் 1825-இல் சென்னையில் வெளியாயிற்று. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு, சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. ஆனால் நடுப்பகுதி 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் தவறின. வாய்பாட்டின் பின்னுள்ள தத்துவம் அவருக்குத் தெரியாது என்பது வாரனின் கருத்து. பிறர் கணக்கை எடுத்தாள்வதன் பலமும் பலவீனமும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கிவிட்டன.

ரயில்வேயில் நாங்கள் வளைவுப் பாதைக்கு அளவு குறிக்கும்போது கையில் இருந்ததும் கிளார்க்ஸ் டேபிள்தான். சைன் மதிப்பை நாங்கள் கணக்கிட்டதில்லை. பக்கத்தைப் புரட்டி எடுத்துக்கொண்டோம். கணினியிலும் அதே கதைதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினியை இயக்கியவர்கள், அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களாகச் செய்து அலமாரியில் சேர்த்து வைத்தார்கள். அதைப் பற்றி வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவர் 1951-இல் எழுதிய புத்தகம் நிரல் எழுதும் கலைக்கே முன்னோடியானது.

இன்று அது எப்படி நடக்கிறது? பிள்ளை எழுதும் சி நிரலின் தலையில், "சைன் என்று ஒன்று உண்டு; அதற்குத் தசம எண் கொடுத்தால் தசம எண் திரும்பி வரும்" என்ற அறிவிப்பு சேர்க்கப்படுகிறது. கம்பைலர் அதை நம்பி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. பிறகு லிங்கர் வருகிறது. எஞ்சினையும் பெட்டிகளையும் கப்ளிங் போட்டு இணைப்பது போல, நம் நிரலையும் லைப்ரரியில் உள்ள கணக்கையும் அது இணைக்கிறது. இரண்டு பக்கமும் கொக்கி ஒரே அளவில் இருந்தால்தான் வண்டி நகரும்.

கொக்கி பொருந்தியும் விடை தவறுவது உண்டு. 30 டிகிரியின் சைன் 0.5 என்பது பள்ளிப் பாடம். ஆனால் சி மொழியின் சைனுக்கு 30 என்று கொடுத்தால் கிடைப்பது சுமார் −0.988. அது டிகிரியை அறியாது, ரேடியனையே அறியும். கணினி எந்த எச்சரிக்கையும் செய்யாது.

இன்னொன்று. பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் லாபேக் என்ற லைப்ரரி 1992-இல் வெளிவந்தது. இலவசமானது, உலகெங்கும் பயன்படுவது. அது ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. எண்களின் கட்டத்தை ஃபோர்ட்ரான் மேலிருந்து கீழாகப் படிக்கும். சி மொழி இடமிருந்து வலமாக வைக்கும். x + 2y = 5, 3x + 4y = 11 என்ற கணக்குக்கு விடை 1, 2. சி நிரலிலிருந்து கட்டத்தைத் திருப்பாமல் அப்படியே அனுப்பினால் வரும் விடை 6.5, −0.5. இருபுறமும் ஒத்திருக்கும் கட்டத்தை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. ஆகவே சோதனைக்கு எடுக்கும் கணக்கையும் யோசித்தே எடுக்க வேண்டும்.

இவை பள்ளிக் கணக்கோடு நிற்பதில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பிய 40 விநாடிகளுக்குள் சிதறியது. ஏரியான்-4-க்காக எழுதப்பட்டு அங்கே நன்றாக ஓடிய நிரல் பகுதியை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தால் ஓர் எண் 32,767 என்ற எல்லையைத் தாண்டியது, நிரல் நின்றது. தும்பாவை அருகில் வைத்துக்கொண்டு வாழும் நமக்கு இதன் கனம் நன்றாகவே புரியும்.

இதற்காக அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை, 2001-இல் இதே திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. லாபேக்கின் உள்ளேயும் யாரும் போய்ப் படிக்கலாம். அன்று பஞ்சாங்கக்காரருக்குக் கிட்டாத வசதி இன்று நம் பிள்ளைகளுக்குக் கிட்டியிருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை நிரல் எழுதி முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அலகில் எண் கொடுத்தாய்? எந்த எல்லை வரை அது செல்லும்? விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாயா? இதைக் கேட்க நீங்கள் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டவர் யாராக இருந்தாலும், அதை நம்பிக் கட்டும் பாலத்தின் பொறுப்பு கட்டுபவருடையதே.